வாய்ப்பாட்டுக்கு முன்னால் பெருக்கல்

ஏழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற ஒரு குழந்தையிடம், நடுவில் புகுந்து "ஆறேழு எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கண்ணை மேலே உருட்டிக்கொண்டு, உதட்டுக்குள் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு…" என்று முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவார்கள். பாட்டின் நடு வரியை யாராவது கேட்டால் நமக்கும் இதே கதிதான். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால்தான் அந்த வரி அகப்படும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "ஆறு சட்டை இருக்கு. ஒவ்வொரு சட்டையிலும் ஏழு பொத்தான். மொத்தம் எத்தனை பொத்தான்?" அதே குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "இதைக் கூட்டணுமா, பெருக்கணுமா?" என்று திருப்பிக் கேட்கலாம்.

அப்படிக் கேட்கிற குழந்தைக்கு விடை தெரியும், பெருக்கல்தான் தெரியாது. வாய்ப்பாடு என்பது விடைகளின் பட்டியல். எந்தக் கேள்விக்கான விடைகள் அவை என்பது மனதில் பதியாமலே பட்டியல் மட்டும் நாக்கில் ஏறிவிட்டது. வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் நடக்கவேண்டிய சில மாத விளையாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். பள்ளியில் பெருக்கல் குறி பெரும்பாலும் ஏழெட்டு வயதில் வரும். இந்த விளையாட்டை ஐந்தாறு வயதிலேயே தொடங்கிவிடலாம்.

ஒரு கூட்டத்தை 'ஒன்று' என்று எண்ணுவது

எண்ணக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து குழந்தை ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துவைத்திருக்கிறது: ஒரு பொருளைத் தொடு, ஓர் எண்ணைச் சொல். அடுத்ததைத் தொடு, அடுத்த எண்ணைச் சொல். எதையும் விடாதே, எதையும் இரண்டு முறை தொடாதே. இதைச் சரியாகச் செய்யவே குழந்தைக்கு இரண்டு மூன்று வருடம் பிடித்திருக்கும்.

பெருக்கல் வந்து இந்த விதியைக் கலைக்கிறது. "ஒவ்வொன்றாக எண்ணாதே. இந்தக் கூட்டம் முழுவதையும் 'ஒன்று' என்று வைத்துக்கொள்" என்கிறது. மூன்று பொத்தான்கள் கண்ணெதிரே கிடக்கின்றன. அவற்றை மூன்றாகவும் பார்க்கவேண்டும், ஒன்றாகவும் பார்க்கவேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். பெரியவர்களுக்கு இது யோசிக்கவே வேண்டாத விஷயம். ஒரு வாரம் என்றால் ஏழு நாள், ஒரு ஜோடி என்றால் இரண்டு, ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு என்று கூட்டத்துக்குத் தனிப்பெயரே வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். குழந்தைக்கு இது நிஜமாகவே புதிய தாவல். இதைக் கடந்துவிட்டால் பெருக்கலில் பாதி முடிந்தது என்றே சொல்வேன்.

என் அண்ணன் மகளோடு நான் விளையாடியதைச் சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. தரையில் நான்கு டம்ளர், பக்கத்தில் ஒரு டப்பா நிறையப் பொத்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் மூன்று மூன்றாக அவளையே வைக்கச் சொன்னேன். "மொத்தம் எத்தனை?" என்று கேட்டதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். சரியான விடைதான். ஆனால் அங்கே நான்கு கூட்டம் இருப்பதைப் பற்றி அவளுக்கு அக்கறையே இல்லை. பன்னிரண்டும் ஒரே குவியலாகக் கிடந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாள்.

மறுநாள் அதே நான்கு கூட்டங்களை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் டம்ளரைக் கவிழ்த்து மூடச் சொன்னேன். இப்போது பொத்தான் எதுவும் கண்ணில் தெரியவில்லை. "இப்ப சொல்லு, மொத்தம் எத்தனை?"

"அத்தை, மூடிட்டியே, எப்படி எண்றது?" என்று முதலில் ஒரு சண்டை. அப்புறம் முதல் டம்ளரின் முதுகில் மூன்று தட்டு தட்டினாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." அடுத்ததில் மூன்று தட்டு: "நாலு, அஞ்சு, ஆறு." கண்ணுக்குத் தெரியாத பொத்தான்களை டம்ளருக்கு மேலேயே தொட்டு எண்ணுகிறாள். நான்கு டம்ளருக்குப் பன்னிரண்டு தட்டு.

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. நான் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் டம்ளரில் மூன்று தட்டு தட்டாமல் கையை ஒரே முறை வைத்து "மூணு" என்றாள். அடுத்த டம்ளரில் கையை வைத்துக் கொஞ்சம் யோசித்து "ஆறு". அப்புறம் "ஒம்போது". அப்புறம் "பன்னெண்டு". ஒரு டம்ளருக்கு ஒரு தட்டு. கூட்டம் 'ஒன்று' ஆன இடம் அதுதான். பெருக்கல் என்ற வார்த்தையே அதுவரை எங்கள் விளையாட்டில் வரவில்லை.

டம்ளரைக் கவிழ்ப்பது சின்ன வேலைதான், ஆனால் அது இல்லாமல் இது நடந்திருக்காது. பொருள் கண்ணில் தெரிகிறவரை ஒவ்வொன்றாக எண்ணுவதுதான் குழந்தைக்குச் சுலபம். சுலபமான வழி திறந்திருக்கும்போது வேறு வழியை அது ஏன் தேடப்போகிறது?

சமமாக இருந்தால்தான்

கூட்டங்கள் எல்லாம் ஒரே அளவாக இருக்கவேண்டும் என்பதை நாம் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். உதாரணங்களில் எப்போதும் சமமாகவே இருப்பதால் குழந்தை அதைக் கவனிப்பதில்லை. ஆகவே அவ்வப்போது தப்பான உதாரணத்தையும் உள்ளே நுழைக்கவேண்டும். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று நான்கு கூட்டம் வைத்துவிட்டு, "இது நாலு மூணா?" என்று கேளுங்கள். "இல்லை, இதுல ஒண்ணு குறையுது" என்று குழந்தை விரல் நீட்டினால் சமம் என்பது பிடிபட்டுவிட்டது. இன்னும் கெட்டிக்காரக் குழந்தை, "நாலு மூணுல ஒண்ணு கம்மி, பதினொண்ணு" என்று சொல்லும். அப்படிச் சொன்னால் அன்றைக்கு விளையாட்டை அங்கேயே நிறுத்திவிட்டுக் கொண்டாடலாம்.

சமமான கூட்டங்களுக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. மனிதர்களுக்குக் கண் இரண்டு, முக்காலிக்குக் கால் மூன்று, நாற்காலிக்கு நான்கு, ஒரு கைக்கு விரல் ஐந்து, எறும்புக்குக் கால் ஆறு, வாரத்துக்கு நாள் ஏழு, சிலந்திக்குக் கால் எட்டு. எறும்பையும் சிலந்தியையும் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். "மூணு சிலந்தி செருப்பு போட்டா எத்தனை செருப்பு வேணும்?" என்று கேட்டால் கணக்கு என்ற நினைப்பே இல்லாமல் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

தாவித் தாவி எண்ணுவது

மூன்று, ஆறு, ஒன்பது என்று தாவி எண்ணுவதை வாய்ப்பாட்டின் முதல் வடிவம் என்று சொல்லலாம். இதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த நல்ல வழி, ரகசியமும் சத்தமும். ஒன்று, இரண்டு என்பதைக் காதோடு காதாகச் சொல்லவேண்டும், மூன்றைக் கத்தவேண்டும். நான்கு, ஐந்து ரகசியம், ஆறு கத்தல். சில நாளில் ரகசியம் தானாக உள்ளே போய்விடும், கத்தல் மட்டும் மிஞ்சும்: மூன்று! ஆறு! ஒன்பது! படிக்கட்டு இருந்தால் இன்னும் நல்லது. கத்தல் வரும் படியில் மட்டும் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவையுங்கள்.

முதலில் இரண்டு, அப்புறம் பத்து, அப்புறம் ஐந்து. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இரண்டு என்றால் ஜோடி, குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தது. பத்துக்கு எண்களின் பெயரே வழிகாட்டும். ஐந்தில் கடைசி இலக்கம் ஐந்து, பூஜ்யம், ஐந்து, பூஜ்யம் என்று மாறி மாறி வரும். மூன்றும் நான்கும் இவற்றுக்குப் பின்னால் வரட்டும். ஏழுக்கும் எட்டுக்கும் அவசரமே இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. "ஐந்து, பத்து, பதினைந்து, இருபது…" என்று குழந்தை ஜோராகப் போகும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஏனென்றால் இப்போது இரண்டு எண்ணிக்கைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன: எத்தனை தாவல், எங்கே வந்து நிற்கிறோம். ஒன்றை வாய் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொன்றை விரலிடம் கொடுத்துவிடலாம். ஒரு தாவலுக்கு ஒரு விரல். நான்கு விரல் நீண்டிருக்கும்போது வாய் சொல்லும் எண்தான் விடை. இங்கே நடப்பதைக் கவனியுங்கள். ஒரு விரல் என்றால் ஒன்று என்றிருந்தது, இப்போது ஒரு விரல் என்றால் ஐந்து. டம்ளருக்குள் நடந்ததேதான் இங்கேயும். "இன்னும் விரல் விட்டு எண்ணுகிறாளே" என்று யாராவது கவலைப்பட்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

மொழி கைகொடுக்கிற இடம்

தமிழில் பேசி வளரும் குழந்தைக்கு ஒரு வசதி இருக்கிறது, நாம்தான் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. 'மூவிரண்டு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். மூன்று இரண்டுகள். எத்தனை கூட்டம், கூட்டத்துக்கு எத்தனை, இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஈரைந்து என்றால் இரண்டு ஐந்துகள், நாலெட்டு என்றால் நான்கு எட்டுகள். குறியே இல்லாத முழுப் பெருக்கல் இது. ஆனால் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கும்போது 'மூவிரண்டாறு' என்று எல்லாம் ஒட்டிக்கொண்டு அர்த்தமில்லாத ஓசையாகிவிடுகிறது. ஒரு தடவையாவது நிறுத்தி, மூன்று இடத்தில் இரண்டிரண்டு பொத்தானை வைத்து, "இதுதான் மூவிரண்டு" என்று காட்டவேண்டும். குழந்தையின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

எண்ணுப் பெயர்களிலும் இது ஒளிந்திருக்கிறது. இருபது என்றால் இரு பத்து. முப்பது மூன்று பத்து, நாற்பது நான்கு பத்து, இப்படியே எண்பது வரை. இருநூறு, முந்நூறும் அப்படித்தான். தொண்ணூறு மட்டும் வழிவிட்டு விலகி நிற்கும். அதை விட்டுவிடலாம். முப்பது வரை எண்ணத் தெரிந்த குழந்தை மூன்று பத்துகளை ஏற்கெனவே வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மொழி காலை வாருகிற இடமும் உண்டு. பெருக்கு என்றால் துடைப்பத்தை எடுத்து வீட்டைப் பெருக்குவதும்தான். "இந்த ரெண்டையும் பெருக்கு" என்றதும் பொத்தான்களைக் கையால் ஓரமாகத் தள்ளின குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். அதனால் தொடக்கத்தில் 'பெருக்கு' என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, 'தடவை' என்று சொல்வது என் வழக்கம். மூன்று தடவை நான்கு. அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

கட்டம் கட்டிப் பார்ப்பது

கூட்டங்களுக்கு அடுத்த கட்டம், உண்மையிலேயே கட்டம்தான். பொத்தான்களைக் குவியலாக வைக்காமல் வரிசை வரிசையாக அடுக்குவது: குறுக்கே ஐந்து, அப்படி மூன்று வரிசை. தரை ஓடு, ஜன்னல் கம்பி, நாள்காட்டி, மாத்திரை அட்டை, எட்டுக்கு எட்டாக 64 கட்டம் போட்ட சதுரங்கப் பலகை என்று இந்த வடிவம் எங்கும் கிடைக்கும். காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துவையுங்கள், இரண்டு வரிசையில் ஐந்தைந்து குழி என்று அச்சில் வார்த்தது போல இருக்கும்.

இந்தப் படத்துக்கு இவ்வளவு மரியாதை ஏன்? மூன்று வரிசையில் ஐந்தைந்து பொத்தான் ஒட்டிய ஓர் அட்டையைக் குழந்தையின் கையில் கொடுத்து, கால் வட்டம் திருப்பச் சொல்லுங்கள். இப்போது ஐந்து வரிசையில் மூன்று மூன்று. ஒரு பொத்தானும் விழவில்லை, ஒன்றும் சேரவில்லை. ஆகவே மூவைந்தும் ஐம்மூன்றும் ஒன்றுதான். இதை விதியாகச் சொன்னால் குழந்தை நம்பும், திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளும். பைகளை வைத்து இதைக் காட்டவே முடியாது. ஐந்தைந்து கல் போட்ட மூன்று பைகளைப் பார்த்தால், அவை எப்படி மும்மூன்று கல் போட்ட ஐந்து பைகளாகும் என்று யாருக்கும் தோன்றாது.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடவேண்டும். மொத்தம்தான் ஒன்றே தவிர, நடந்த சங்கதி ஒன்றல்ல. தினம் 2 மாத்திரை வீதம் 10 நாள் சாப்பிடுவதும், தினம் 10 மாத்திரை வீதம் 2 நாள் சாப்பிடுவதும் கணக்கில் 20தான். இரண்டாவதைச் செய்தால் ஆள் பிழைப்பது சந்தேகம். எது கூட்டத்தின் எண்ணிக்கை, எது கூட்டத்தின் அளவு என்பதைக் குழந்தை சொந்த வாயால் சொல்லிப் பழகுவது இதற்காகத்தான்.

கட்டத்தின் இரண்டாவது பலன் இதைவிடப் பெரியது. அதை உடைக்கலாம். ஏழு வரிசையில் ஆறாறு புள்ளி என்று ஒரு தாளில் வரைந்துகொண்டு, ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வையுங்கள். மேலே ஐந்து ஆறு, கீழே இரண்டு ஆறு. ஐயாறு முப்பது, ஈராறு பன்னிரண்டு, சேர்த்தால் 42. தெரியாத ஒரு பெருக்கல், தெரிந்த இரண்டு பெருக்கல்களாகிவிட்டது. பென்சிலை எங்கே வைப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும். ஒரு குழந்தை நடுவில் வைக்கும், இன்னொன்று ஓரத்தில் வைத்து "ஆறு ஆறும் ஒரு ஆறும்" என்று 36-உடன் 6 சேர்க்கும். எங்கே வைத்தாலும் 42தான் வரும் என்பதைக் கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு வரும் சந்தோஷத்துக்கு இணை இல்லை.

பெரிய வகுப்பில் 14 × 6 வரும்போது செய்வதும் இதேதான். பத்து ஆறு, நாலு ஆறு, 60-உம் 24-உம் 84. அதற்கும் மேலே இயற்கணிதத்தில் அடைப்புக்குறியைப் பிரிப்பதும் இதே பென்சில்தான். வாய்ப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போகும் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்று யோசித்தால், ஆறு வயதில் நகர்த்தவேண்டிய பென்சிலைப் பன்னிரண்டு வயதில் முதல்முறையாக நகர்த்துகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறி கடைசியில்

குழந்தை கையால் செய்து, கண்ணால் படமாகப் பார்த்து, அதற்குப் பிறகுதான் எழுத்துக்கு வரவேண்டும் என்பதை ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களிலேயே விரிவாக எழுதினார். கணிதப் பாடங்கள் பலவற்றுக்கு இன்றும் அதுதான் அடிப்படை. × என்ற குறிக்கு அவசரப்படாமல் இருக்க இதுவே போதுமான காரணம்.

அந்தக் குறிக்கும் ரொம்பப் பெரிய வயதில்லை. இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் 1631-இல் வெளியிட்ட கணித நூல் வழியாகத்தான் அது பரவியது. சில பத்தாண்டுகள் கழித்து ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸுக்கு அது பிடிக்கவில்லை. எக்ஸ் எழுத்தோடு குழம்பிவிடுகிறது என்று சொல்லி 1698-இல் ஒரு கடிதத்தில் அதற்குப் பதில் புள்ளி வைத்தார். பெரிய கணித மேதைக்கே அந்தக் குறி கண்ணைக் குழப்பியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தை கூட்டல் குறியைச் சாய்த்துப் போட்டதாக நினைத்து 3 × 4-க்கு 7 என்று எழுதினால் கோபப்பட என்ன இருக்கிறது?

குறியை அறிமுகப்படுத்தும்போது, ஏற்கெனவே சொல்லிவந்த வாக்கியத்தின் சுருக்கெழுத்தாகக் காட்டுங்கள். "மூன்று தடவை நான்கு" என்று முதலில் எழுதி, நடுவில் உள்ள 'தடவை'யை அழித்துவிட்டு அங்கே × போடுங்கள். சில பாடப்புத்தகங்கள் இதையே தலைகீழாக, மூன்றை நான்கு தடவை என்று வாசிக்கும். குழந்தையின் புத்தகம் எப்படிச் சொல்கிறதோ அப்படியே சொல்லுங்கள். இதில் சண்டை போட்டு ஒரு லாபமும் இல்லை.

குழந்தைக்குப் புரிந்ததா என்று பார்க்க நான் விடையைக் கேட்பதில்லை. "3 × 4-க்கு ஒரு படம் போடு, ஒரு கதை சொல்லு" என்பேன். புரியாத குழந்தை மூன்று பூ வரைந்து, நடுவில் பெரிதாக × போட்டு, அந்தப் பக்கம் நான்கு பூ வரையும். பக்கத்தில் 12 என்று சரியாகவே எழுதியும் இருக்கும்! படத்தில் ஏழு பூதான் இருக்கிறது என்பது அதற்கு உறைக்காது. புரிந்த குழந்தை மூன்று தொட்டி வரைந்து தொட்டிக்கு நான்கு பூ வைக்கும். விடைத்தாளில் இந்த இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே மதிப்பெண்.

ஒன்று, பூஜ்யம், மடங்கு

பெருக்கினால் பெருகும் என்பது குழந்தைகள் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் விதி. பெயரே அப்படி இருக்கிறதே! ஒன்றால் பெருக்கினால் அப்படியே இருக்கிறது. பூஜ்யத்தால் பெருக்கினால் எல்லாம் போய்விடுகிறது. இதற்குத்தான் அந்தத் துடைப்பம் திரும்ப உதவிக்கு வரும். பூஜ்யம் சுத்தமாகப் பெருக்கிவிடும் என்று ஒரு தடவை சொன்னால் போதும், மறக்கமாட்டார்கள். வேடிக்கைக்காகச் சொல்வது இது. காரணத்தை டம்ளரில் காட்டுங்கள். நான்கு டம்ளர், உள்ளே ஒன்றுமில்லை. அப்புறம் டம்ளரே இல்லை, இருந்திருந்தால் உள்ளே நான்கு இருந்திருக்கும். இரண்டிலும் பொத்தான் பூஜ்யம்தான்.

பெருக்கலைத் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று மட்டுமே சொல்லி நிறுத்திவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தொடங்க அது நல்ல வழி, ஆனால் அரைத் தடவை, கால் தடவை என்று பின்னங்கள் வரும்போது அந்த விளக்கம் முட்டி நிற்கும். எத்தனை 'மடங்கு' என்ற பார்வையும் சின்ன வயதிலேயே காதில் விழவேண்டும். 2 சென்டிமீட்டர் ரப்பர் பட்டையை 6 சென்டிமீட்டருக்கு இழுத்துக் காட்டுங்கள். "4 சென்டிமீட்டர் கூடிடுச்சு" என்பது கூட்டல்காரரின் கண். "மூணு மடங்கு ஆயிடுச்சு" என்பது பெருக்கல்காரரின் கண். இரண்டும் சரி. இரண்டாவதைப் பார்க்கப் பழக்கம் வேண்டும்.

சரி, வாய்ப்பாடு?

இவ்வளவும் ஆனபிறகு மனப்பாடமும் வேண்டும்தான். ஒவ்வொரு முறையும் டம்ளர் கவிழ்த்துக்கொண்டிருக்க முடியாது. பெரிய கணக்கின் நடுவில் சின்ன விடைக்காக நின்றால் பெரிய கணக்கு மறந்துபோகும். சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்னால் பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் பெருக்கல் வாய்ப்பாடுகளைப் பொறித்து வைத்திருந்தார்கள். கையில் விடை தயாராக இருக்கவேண்டும் என்ற தேவை அவ்வளவு பழையது.

ஆனால் எவ்வளவு மனப்பாடம்? ஒன்றிலிருந்து பத்து வரை என்றால் 100 விடைகள். குழந்தை மலைத்துப்போகும், நாமும்தான். அந்த 100-ஐக் குழந்தையோடு உட்கார்ந்து கழித்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து கட்டம் போட்ட தாள் ஒன்றும் ஒரு கலர் பென்சிலும் போதும்.

அட்டையைத் திருப்பினால் ஒன்றுதான் என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே மூவெட்டு தெரிந்தால் எண்மூன்றும் தெரியும். இப்படி இரட்டையாக வருவதை எல்லாம் அடித்தால் மிச்சம் 55. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ஆகியவை தாவி எண்ணியதிலேயே வந்துவிட்டன. அவை வரும் கட்டங்களையும் அடித்தால் மிச்சம் 21.

ஒன்பதுக்குக் கையே போதும். பத்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டு, ஒன்பது நான்கு வேண்டுமென்றால் இடமிருந்து நாலாவது விரலை மடக்குங்கள். மடக்கிய விரலுக்கு இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் ஆறு. விடை 36. மந்திரம் ஒன்றுமில்லை. நான்கு பத்தில் நான்கைக் கழிக்கிறோம், விரல் அதைத்தான் செய்கிறது. கொஞ்சம் பெரிய குழந்தையானால் இந்தக் காரணத்தைத் தானே தேடட்டும். ஒன்பதை அடித்தால் மிச்சம் 15.

நான்கு என்றால் இரட்டிப்பின் இரட்டிப்பு, எட்டு என்றால் இன்னும் ஒரு இரட்டிப்பு. நாலேழு வேண்டுமா? 7, 14, 28. எட்டேழு? இன்னொரு தடவை, 56. பண்டைய எகிப்தியர்கள் பெரிய பெருக்கல்களைக்கூட இப்படி இரட்டித்து இரட்டித்தே செய்தார்கள். சுமார் 3500 ஆண்டுகளுக்கு முந்தைய ரைண்ட் பாப்பிரஸ் சுவடியில் இந்த முறை இருக்கிறது. நான்கையும் எட்டையும் அடித்தால் மிச்சம் ஆறே ஆறு.

மூன்று என்றால் இரட்டித்து இன்னொன்று சேர்ப்பது. ஏழின் இரட்டிப்பு 14, இன்னொரு ஏழு சேர்த்தால் 21. மூன்று அடிபட்டது, மிச்சம் மூன்று கட்டம்: ஆறாறு, ஆறேழு, ஏழேழு. ஆறு என்றால் மூன்றின் இரட்டிப்பு. மூவாறு 18, அதை இரட்டித்தால் 36. மூவேழு 21, இரட்டித்தால் 42. அவையும் போயின.

நூறு கட்டத்தில் ஒன்றே ஒன்று மிச்சம்.

இதைச் செய்ததும் வாய்ப்பாடு வந்துவிடாது. இரட்டித்துக் கண்டுபிடிக்கும் விடை ஐந்தாறு வினாடி எடுக்கும், திரும்பத் திரும்பக் கேட்டால்தான் சட்டென்று வரும். தினம் ஐந்து நிமிடம், வரிசையாக இல்லாமல் கலைத்துப் போட்டுக் கேட்பது போதும். கடிகாரத்தைக் காட்டி விரட்டுவது, நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்பது எல்லாம் ஆரம்பத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. பயம் வந்தால் தெரிந்த விடையும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். விடை மறந்துபோனால் "யோசி, யோசி" என்று அதட்டுவதைவிட, "பக்கத்துல எது தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அண்ணன் மகளுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் இதே கட்டத்தாளில் 99 கட்டங்களை அடித்துவிட்டு, மிச்சமிருந்த ஏழேழைக் காட்டி, "சரி, இது ஒண்ணை மட்டும் மனப்பாடம் பண்ணிடு, வேற வழியில்லை" என்றேன்.

அவள் கட்டத்தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஐந்தாவது வரிசைக்குக் கீழே பென்சிலைக் குறுக்காக வைத்தாள். "ஐயேழு முப்பத்தஞ்சு, ஈரேழு பதினாலு…"

"நாப்பத்தொம்போது. இருக்கே அத்தை வழி?"